குவாங்சௌ முதல் கோவில்பட்டி வரை: சீனச் சரக்கின் பின்னால் ஒரு பயணம்

திங்கள், குவாங்சௌ

சீனாவின் பெரிய ஏற்றுமதிக் கண்காட்சியான கேன்டன் ஃபேர் 1957இல் தொடங்கியது. ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் மூன்று கட்டம், கட்டத்துக்கு ஐந்து நாள். மின்சாதனமும் இயந்திரமும் முதல் கட்டத்தில், வீட்டுச் சாமானும் பரிசுப் பொருளும் இரண்டாவதில், துணி, பொம்மை, எழுதுபொருள் மூன்றாவதில். இதைப் பார்க்காமல் டிக்கெட் போட்டுவிட்டு, பொம்மை வாங்க வந்தவர் வெல்டிங் மெஷின் அரங்குகளுக்குள் சுற்றுவது வழக்கமாக நடக்கிற கூத்து. நுழைவு அட்டைக்கு ஊரிலிருந்தே இணையத்தில் பதிந்துவிட வேண்டும். அரங்கு இருக்கும் பஜோவுக்கு மெட்ரோ 8ஆம் லைன் போகிறது. பணம் செலுத்தும் செயலிகளான அலிபேயிலோ வீசாட்டிலோ நம் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை ஊரிலேயே இணைத்துக்கொண்டு வந்தால் டீக்கடை வரைக்கும் செல்லும். 200 யுவானுக்கு மேல் போனால் 3% கட்டணம் பிடிப்பார்கள். வாட்ஸ்அப்பும் கூகுளும் இங்கே ஹோட்டல் வைஃபையில் வராது, நம் ஊர் சிம்மின் ரோமிங்கில் வரும்.

அரங்கில் நிற்பவர் தொழிற்சாலைக்காரரா, வாங்கி விற்கும் டிரேடிங் கம்பெனியா என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. விசிட்டிங் கார்டில் இருக்கும் ஆங்கிலப் பெயரை நம்ப வேண்டாம். சீனச் சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை, சீன எழுத்தில் பதிவான பெயர்தான் கம்பெனி. வணிக உரிமத்தின் படத்தைக் கேளுங்கள். அதில் 18 இலக்க எண் ஒன்று இருக்கும். அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் அதைப் போட்டால் முதலீடு, தொடங்கிய தேதி, செய்ய அனுமதி பெற்ற தொழில் எல்லாம் வந்துவிடும். தொழில் விவரத்தில் 'உற்பத்தி' என்று இல்லாமல் வெறும் 'விற்பனை, ஏற்றுமதி' என்று மட்டும் இருந்தால் அது டிரேடிங் கம்பெனி. அதில் தவறு ஒன்றுமில்லை. பத்துவிதப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவருக்கு அவர்கள்தான் வசதி. தொழிற்சாலை என்று சொல்லிக்கொண்டு டிரேடிங் விலை கேட்பதுதான் கோளாறு.

கண்காட்சியின் உணவுக்கூடத்தில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வரும்: சீனாவிலிருந்து வாங்குவது நல்லதா, கெட்டதா? 2024-25இல் இந்தியா சீனாவிலிருந்து வாங்கியது 11,345 கோடி டாலர் சரக்கு, விற்றது 1,425 கோடி டாலர். இந்த ஒரு கணக்கை வைத்து இரண்டு பக்கமும் வாதாடுகிறார்கள். ஆனால் அந்த 11,345 கோடியில் ஹேர்கிளிப்பும் இருக்கிறது, மருந்துக்கான மூலப்பொருளும் இருக்கிறது, போன் தொழிற்சாலைக்கான உதிரிபாகமும் இருக்கிறது. ஹேர்கிளிப் நின்றால் பேன்ஸி ஸ்டோர்காரருக்கு நஷ்டம். உதிரிபாகம் நின்றால் தொழிற்சாலையில் ஒரு உற்பத்தி லைனே நிற்கும். 2025 ஏப்ரல் 4 அன்று சீனா ஏழு அரிய மண் தனிமங்களையும் அவற்றில் செய்த காந்தங்களையும் ஏற்றுமதி உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது. கடைசியில் யார், எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்று காகிதம் கொடுத்து அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும். காந்தம் ஒரு மோட்டாரில் சின்ன உருப்படிதான், அது இல்லாமல் மின்சார ஸ்கூட்டர் மோட்டார் சுற்றாது. "டியூட்டி போடு" என்று சொல்பவரும் "திறந்துவிடு" என்று சொல்பவரும் பல நேரம் வேறு வேறு பொருளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

செவ்வாய், ரயில்

குவாங்சௌ தெற்கு நிலையத்திலிருந்து யிவூவுக்கு அதிவேக ரயில். பாஸ்போர்ட்தான் டிக்கெட். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டை எல்லாத் தானியங்கி வாசலும் ஏற்காது, ஓரத்தில் ஆள் நிற்கும் வாசலுக்குப் போக வேண்டும். வேறொன்றுமில்லை.

புதன், யிவூ

செஜியாங் மாகாணத்தின் நடுவில் இருக்கும் இந்த ஊரில் துறைமுகமும் இல்லை, பெரிய ஆற்றுப் போக்குவரத்தும் இல்லை, வயலும் சுமார்தான். வெல்லத்தைக் கொடுத்துக் கோழிச் சிறகு வாங்கி, அதை உரத்துக்கும் துடைப்பத்துக்கும் விற்ற தெரு வியாபாரிகளின் ஊர். 1982 செப்டம்பரில், மாவட்டக் கட்சிச் செயலாளராக இருந்த ஷியே காவ்ஹுவா மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் தெருக்கடைகளை அனுமதித்தார். இன்று ஃபுதியன் சந்தையில் 75,000 கடை என்று சொல்கிறார்கள். முதல் பிளாக்கில் பொம்மை, செயற்கைப் பூ, அலங்கார நகை. இரண்டாவதில் பை, பூட்டு, கைக்கருவி. மூன்றாவதில் எழுதுபொருள், அழகுப் பொருள். நான்காவதில் காலுறை, அன்றாடப் பொருள். ஐந்தாவதில் இறக்குமதிச் சரக்கு, படுக்கை விரிப்பு, கார் உதிரிபாகம். மாலை ஐந்து மணிக்கு ஷட்டர் விழ ஆரம்பித்துவிடும்.

ஒரு கடையில் தலைமுடிக்குப் போடும் கிளட்ச் கிளிப்பை எடுத்துப் பாருங்கள். ஒரே அச்சு, ஒரே நிறம், மூன்று விலை. கடைக்காரப் பெண்மணி கால்குலேட்டரில் 1.60, 1.20, 0.85 யுவான் என்று தட்டிக் காட்டுவார். முதலாவது புதுப் பிளாஸ்டிக். பல்லை விரித்துப் பிடித்தால் வளைந்து கொடுக்கும். மூன்றாவது மறுசுழற்சிப் பிளாஸ்டிக். முகர்ந்தால் கருகிய வாடை, கறுப்பு நிறம் சாம்பல் பூத்தது போல் தெரியும், கீலுக்குப் பக்கத்தில்தான் முதலில் விரிசல் விடும். நடுவில் இருப்பது கலவை. ஸ்பிரிங்கும் மாறும்: கம்பி மெலியும், முலாம் மெலியும். மெல்லிய முலாம் கடல் பயணத்து ஈரத்திலேயே துரு பிடித்து, கிளிப்பின் உள்பக்கம் செம்பழுப்புக் கோடு போட்டுவிடும். விலையைக் குறைக்கச் சொன்னால் யாரும் மறுப்பதில்லை, எங்கே குறைத்தோம் என்று சொல்லத்தான் மாட்டார்கள். இந்திய வியாபாரிகள் கடைசி ஃபென் (யுவானில் நூறில் ஒரு பங்கு) வரைக்கும் அடித்துப் பேசுவார்கள் என்பது இந்தக் கடைகளில் பொதுக் கருத்து. சீனா மால் உழைக்காது என்பது நம் ஊர்ப் பொதுக் கருத்து. இரண்டும் அந்த 0.85இல்தான் பிறக்கின்றன.

ஆகவே ஆர்டர் எழுதும்போது 'மாதிரி போலவே' என்று எழுதி விடாதீர்கள். ஒரு உருப்படியின் எடை எத்தனை கிராம், புதுப் பிளாஸ்டிக்கா கலவையா, ஸ்பிரிங் கம்பி எத்தனை மில்லிமீட்டர், ஒரு அட்டைப்பெட்டியில் எத்தனை, பெட்டி எத்தனை அடுக்கு அட்டை, எல்லாம் எழுத்தில் வர வேண்டும். மாதிரியில் மூன்று எடுத்து, உறையிலிட்டு ஒட்டி, கடைக்காரரும் நீங்களும் கையெழுத்திட்டு ஒன்று கடையில், ஒன்று ஏஜென்டிடம், ஒன்று உங்களிடம்.

விலையில் இன்னொரு மடிப்பும் உண்டு. யிவூக் கடைக்காரர் சொல்வது பில் இல்லாத விலை. சீனாவின் 13% மதிப்புக்கூட்டு வரி அதில் இல்லை. 2013இல் இங்கே சோதனையாகத் தொடங்கிய 'சந்தைக் கொள்முதல்' முறையில் வரி ரசீது இல்லாமலே ஏற்றுமதி செய்யலாம். ஒரு அறிவிப்புக்கு 1,50,000 டாலர் வரைதான். அதனால் குவாங்சௌ தொழிற்சாலை சொன்ன விலையோடு யிவூ விலையை நேராக ஒப்பிட்டு "பாருங்கள், இங்கே மலிவு" என்பது தப்புக் கணக்கு.

வியாழன், யிவூ

இன்று ஏஜென்டுகள். அவர்கள் இல்லாமல் யிவூவில் வேலை நடக்காது. மொழிபெயர்ப்பாளரோடு கடை கடையாக வருவார்கள், ஆர்டர் புத்தகம் எழுதுவார்கள், சரக்கைத் தங்கள் கிடங்கில் இறக்கி எண்ணுவார்கள், கன்டெய்னரில் ஏற்றுவார்கள். வாங்குபவரிடம் கமிஷன் 3 முதல் 5% வரை. கடையிடமும் வாங்குகிறாரா என்பது அவரவர் நேர்மை.

பல கடைகள் சரக்கைக் கடனில் கொடுத்துவிட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பணம் வாங்குகின்றன. வெளிநாட்டுக்காரர் நடத்தும் ஏஜென்சி ஒரு நாள் பூட்டிக்கொண்டு போய்விட்டால் நூறு கடைக்காரர்கள் தெருவில் நிற்பார்கள். 2011 டிசம்பரில் அப்படித்தான் நடந்தது. முதலாளி தலைமறைவாக, அங்கே வேலை பார்த்த இரண்டு இந்தியர்களைக் கடைக்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பெய்ஜிங்கில் உள்ள இந்தியத் தூதரகம், யிவூவில் வியாபாரம் செய்ய வேண்டாம் என்றே எச்சரிக்கை விட்டது. நம் ஊரில் இது சீனர்களின் அடாவடியாகப் பேசப்பட்டது, யிவூவில் இந்தியர்கள் வைத்த கடன்பாக்கியாகப் பேசப்பட்டது. இன்று பல கடைகள் இந்திய ஆர்டருக்கு முன்பணம் கேட்பதன் பின்னால் இது போன்ற கணக்குகள் இருக்கின்றன.

பணம் பொதுவாக 30% முன்பணம், 70% சரக்கு ஏற்றுமுன். பணத்தை வங்கி வழியாக, கம்பெனியின் சீனப் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். பாதியில் "கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் வீடியோ அழைப்பில் ஆளைப் பார்த்து உறுதிசெய்யும் வரை ஒரு டாலரும் நகரக் கூடாது. மெயிலுக்குள் புகுந்தவர்கள் எழுதும் வரி அதுதான். அனுப்பிய முன்பணத்துக்கு ஈடாக, சரக்கு இறங்கும்போது சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி வந்து சேர்ந்ததா என்று ரிசர்வ் வங்கியின் கணினி அமைப்பில் நம் வங்கி சரிபார்க்கும். சேராவிட்டால் அடுத்த பணம் அனுப்பும்போது மேனேஜர் கூப்பிடுவார்.

பணம் முழுவதும் போகுமுன் கிடங்கில் சோதனை. 5,000 உருப்படிக்கு, உலகெங்கும் பயன்படும் மாதிரிச் சோதனை அட்டவணையின் (ஏக்யூஎல்) வழக்கமான இரண்டாம் நிலையில் 200 எடுக்க வேண்டும். பெரிய குறைக்கு 2.5 அளவுகோல் என்றால் 10 வரை ஏற்கலாம், 11 என்றால் திருப்பி அனுப்பலாம். எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது என்பதை நீங்கள் சொல்ல வேண்டும். கடைக்காரர் முன்னால் தள்ளி வைத்த பெட்டி எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். சில்லறைக்குப் போகும் பாக்கெட்டில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, எண்ணிக்கை, மாதமும் ஆண்டும், எந்த நாட்டுத் தயாரிப்பு என்ற ஸ்டிக்கரை இங்கேயே ஒட்ட வையுங்கள். சென்னை வந்து ஒட்டினால் கூலி மட்டுமல்ல, கிடங்கு வாடகையும் சேரும்.

பொம்மைக் கடைகளில் இந்திய வியாபாரிகள் அவ்வளவாக நிற்பதில்லை. 2020இல் பொம்மைக்கு அடிப்படைச் சுங்கம் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. அதைவிடப் பெரிய தடுப்பு, 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமான ஐஎஸ்ஐ முத்திரை. அதைத் தொழிற்சாலையே உரிமம் எடுத்துப் போட வேண்டும், இறக்குமதியாளர் எடுக்க முடியாது. சௌகார்பேட்டை மொத்த வியாபாரியைக் கேட்டால் தொழிலை அழித்துவிட்டார்கள் என்பார். உள்ளூரில் அச்சு போட்டுப் பொம்மை செய்ய இறங்கியவர் இப்போதுதான் மூச்சு விட முடிகிறது என்பார். அந்த உள்ளூர்க்காரரின் பொம்மைக்குள் இருக்கும் சின்ன மோட்டாரும் விளக்கும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால் இருவரும் சிரிப்பார்கள்.

வெள்ளி, கெச்சியாவ்

ஷாவோஷிங் நகரை ஒட்டிய துணிச் சந்தை. திருப்பூர்க்காரர்கள் வந்து போகும் இடம். கடைகளில் துணி ரோல் இருக்காது; ஹேங்கரில் ஒரு சாண் துண்டும், அதன் மேல் நூல் கலவை, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), அகலம் எழுதிய அட்டையும்தான். ஐந்து சதவீத ஜிஎஸ்எம் வித்தியாசம் இங்கே சாதாரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். 180 என்று சொல்லி 171 வந்தால் ரோலுக்கு ரோல் நஷ்டம், அதனால் கிலோ விலையா மீட்டர் விலையா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வந்த துணியை நாலு புள்ளி முறையில் பார்ப்பார்கள்: மூன்று அங்குலம் வரையான குறைக்கு 1 புள்ளி, ஆறு வரை 2, ஒன்பது வரை 3, அதற்கு மேல் 4. நூறு சதுர கெஜத்துக்கு 40 புள்ளியைத் தாண்டினால் துணியை ஏற்க மாட்டார்கள். அடர் நிறப் பாலியஸ்டரில் இன்னொரு ஆபத்து உண்டு. சாயம் முழுவதும் உள்ளே பிடிக்காமல் இருந்தால், அயர்ன் சூட்டில் பக்கத்து வெள்ளைத் துணிக்கு ஏறிவிடும். கடையிலேயே வெள்ளைத் துண்டை வைத்து அழுத்திப் பார்க்கக் கேட்கலாம், அயர்ன் பாக்ஸ் எல்லாக் கடையிலும் இருக்கிறது.

இங்கே துணி ஏன் மலிவு? அரசு மானியம் என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் உண்டு. வரைபடத்தைப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். பாலியஸ்டர் மூலப்பொருளில் பெரும்புள்ளிகளான ஹெங்யி, ரோங்ஷெங் இரண்டின் தலைமையகமும் பக்கத்து ஷியாவ்ஷானில். பின்னலாடைத் துணி இங்கே, சாயப்பட்டறைகள் கடலோர பின்ஹாய் தொழிற்பேட்டையில் ஒரே இடத்தில், சந்தை இங்கே, துறைமுகம் அடுத்த ஊரில். திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சொட்டுக் கழிவும் வெளியே போகாத சுத்திகரிப்பு இல்லாமல் பட்டறை நடத்த முடியாது என்றானது. நொய்யலுக்கு அது தேவைதான். ஆனால் அந்தச் செலவு ஒவ்வொரு கிலோ துணியிலும் உட்கார்ந்திருக்கிறது.

2024 மார்ச்சில் இந்தியா செயற்கை நூல் பின்னல் துணியின் ஐந்து வகைகளுக்குக் கிலோவுக்கு 3.50 டாலர் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. 180 ஜிஎஸ்எம், 1.8 மீட்டர் அகலத் துணியில் ஒரு மீட்டர் 324 கிராம். அப்படியானால் மீட்டர் 1.13 டாலருக்குக் கீழே வரவே முடியாமல் போனது. சரக்கு, பட்டியலில் இல்லாத பக்கத்துச் சுங்கக் குறியீடுகளுக்கு நழுவவே, பட்டியலில் மேலும் எட்டு சேர்ந்தன. லூதியானாவிலும் சூரத்திலும் துணி பின்னுபவர்கள் இதை வரவேற்றார்கள். திருப்பூரில் கருத்து இரண்டு. ஏற்றுமதிக்காரர் அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் எடுத்து, ஏற்றுமதி செய்தே தீர்வேன் என்ற பொறுப்போடு சுங்கமில்லாமல் துணி கொண்டுவர முடியும். உள்நாட்டுக்கு டிராக் பேண்ட் தைக்கும் சின்ன யூனிட்டுக்கு அந்த வழி இல்லை. துணி செய்பவரைக் காப்பாற்றும் சுவர் தைப்பவரின் வாசலில் நிற்கிறது. ஒரே சங்கக் கூட்டத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள்.

சனி, நிங்போ

சரக்கு எடையில் உலகின் முதல் துறைமுகம். உள்ளே விடமாட்டார்கள், பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. வேலை எல்லாம் கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பித் தரும் ஃபார்வர்டர் அலுவலகத்தில்.

இருபது அடிக் கன்டெய்னரில் காகிதக் கணக்குக்கு 33 கனமீட்டர், நிஜத்தில் 26 முதல் 28. நாற்பது அடி உயரக் கன்டெய்னரில் 66 முதல் 68. அதற்குக் குறைந்த சரக்கு எல்சிஎல், அதாவது பலர் சரக்கோடு பங்கு. இங்கேதான் புதியவர்கள் அடி வாங்குகிறார்கள். கனமீட்டருக்குக் கப்பல் கூலி ஏறத்தாழ ஒன்றுமில்லை என்று சொல்வார்கள், சில நேரம் பூஜ்யம் என்றே சொல்வார்கள். சென்னையில் சரக்கு இறங்கியதும் இறக்குக் கூலி, பிரிப்புக் கூலி, டாக்குமென்ட் கட்டணம் என்று பில் நீளும். சிஐஎஃப் விலையில், அதாவது கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்த்து, வாங்கினால் ஃபார்வர்டர் விற்பவரின் ஆள், பில் வாங்குபவருக்கு. கப்பலில் ஏற்றும் வரையான எஃப்ஓபி விலையில் வாங்கி, உங்கள் ஃபார்வர்டரை நீங்களே வைத்து, இறங்குமிடக் கட்டணப் பட்டியலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். முழுக் கன்டெய்னர் என்றால் அதைக் கட்டணமில்லாமல் வைத்திருக்க 14 நாள் அவகாசம் (ஃப்ரீ டிடென்ஷன்) கேளுங்கள். கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

ஜூன் நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை இந்தப் பகுதியில் விடாத மழைக்காலம். கிடங்கிலேயே அட்டைப்பெட்டி ஈரம் குடித்திருக்கும். அப்படியே அடைத்து வெயில் கடலில் வந்தால் ஈரம் கூரையில் முட்டிச் சொட்டும், தோல் பையில் பூஞ்சை வரும். ஈரமுறிஞ்சிப் பைகளின் செலவு கன்டெய்னர் வாடகைக்கு முன்னால் தூசு. சீனப் புத்தாண்டுக்கு முந்தின மூன்று வாரமும் பிந்தின மூன்று வாரமும் ஏற்றாமல் இருப்பது உத்தமம். முன்னால் அவசரம், பின்னால் புது ஆட்கள்.

சுங்கக் கணக்கு: கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த மதிப்பு 100 ரூபாய், அடிப்படைச் சுங்கம் 20% என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் சமூக நல சர்சார்ஜ் 2 ரூபாய், ஆக 122. அதற்கு 18% ஐஜிஎஸ்டி 21.96. கட்டுவது 43.96, அதில் ஐஜிஎஸ்டி பிறகு கழியும். இதைக் குறைக்க "பாதி மதிப்பில் இன்னொரு இன்வாய்ஸ் தரட்டுமா?" என்று இங்கே சர்வசாதாரணமாகக் கேட்பார்கள். அதே பொருள் அதே மாதம் மற்றவர்கள் என்ன விலையில் கொண்டுவந்தார்கள் என்பது சுங்கத்துறையின் திரையில் இருக்கிறது. மதிப்பை நிராகரித்து, சரக்கைப் பறிமுதல் செய்து அபராதம் போட 1962 சுங்கச் சட்டத்தில் பிரிவு உண்டு. ஒழுங்காகக் கட்டுபவரை விலையில் தோற்கடிப்பதும் இந்த இரண்டாவது இன்வாய்ஸ்தான். 'சீனா மால்' மீது கோபப்படும் பல இறக்குமதியாளர்களின் நிஜக் கோபம் பக்கத்துக் கடைக்காரர் மீது.

பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தின நாளுக்குள் போட்டாக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000.

அடுத்த புதன், கோவில்பட்டி

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சீன வணிகத்தைப் பற்றி மிகத் தெளிவான கருத்து இருக்கும் ஊர். 2021 டிசம்பரில், 14 ஆண்டுக்குப் பிறகு தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. பெட்டிக்குள் குச்சியும் 36லிருந்து 50 ஆனது. 600 பெட்டி கொண்ட பண்டல் 270-300க்குப் போய்க்கொண்டிருந்ததை 430-480 ஆக்கினார்கள். அதே நேரத்தில் பெட்டிக்கடையில் பத்து ரூபாய் லைட்டர். ஒரு லைட்டர் 20 தீப்பெட்டியின் இடத்தைப் பிடிக்கிறது என்று 2022இல் முதல்வர் ஸ்டாலின் மத்திய அரசுக்கு எழுதினார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள், இந்தத் தொழிலில் இருக்கிறார்கள்.

2023 ஜூன் 29 அன்று, கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த மதிப்பு 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை இறக்கத் தடை வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மற்ற சரக்குக்கு மதிப்பைக் குறைத்துக் காட்டத்தான் ஆசை வரும். இங்கே கூட்டிக் காட்டினால்தான் கதவு திறக்கும். உதிரிபாகமாக இறக்கி இங்கே பூட்டுவது அடுத்த வழி. 2024 அக்டோபரில் உதிரிபாகத்துக்கும் தடை போட்டார்கள்.

கட்டை வண்டிக்காரர் முதல் பட்டறை முதலாளி வரை இங்கே யாரும் சுதந்திர வணிகம் பேசுவதில்லை. பேன்ஸிக் கடைக்காரர்களோ லைட்டரைத் தீப்பெட்டியின் எதிரியாகவே பார்ப்பதில்லை. கேஸ் அடுப்பில் தானே பற்ற வைக்கும் பொத்தான் வந்தபோதே பாதி வியாபாரம் போய்விட்டது, லைட்டர் கடைசியில் வந்த பழி என்பது அவர்கள் வாதம். தீப்பெட்டிக்காரர்கள் அதை முழுதாக மறுப்பதுமில்லை: "அடுப்பை இங்கே செய்யிறான், நாலு பேருக்கு வேலை இருக்கு அண்ணாச்சி. லைட்டரை அங்கே செய்யிறான்."

யிவூவிலிருந்து கலப்புக் கன்டெய்னர் கொண்டுவருபவர்களுக்கு: ஏஜென்ட் இடம் மிச்சமிருக்கிறது என்று இரண்டு பெட்டி லைட்டரை உள்ளே தள்ளப் பார்த்தால் விடாதீர்கள். தடை ஒருபுறம் இருக்க, லைட்டர் எரிவாயு அடைத்த அபாயச் சரக்கு, ஐநா எண் 1057, வகுப்பு 2.1. அறிவிக்காமல் ஏற்றியது ஸ்கேனரில் தெரிந்தால் அந்த இரண்டு பெட்டிக்காக மீதி 600 பெட்டியும் நிற்கும். பேக்கிங் லிஸ்ட்டை ஏற்றுமுன் வரி வரியாகப் படியுங்கள். லைட்டருக்கான, 9613 என்று தொடங்கும் சுங்கக் குறியீடு எங்கேயும் இருக்கக் கூடாது. 'சமையலறைச் சாமான், பலவகை' என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பெட்டியைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் மீதி 70 சதவீதத்தை அனுப்ப வேண்டும்.